பந்தலூர் சேவைக் கவுண்டரிலிருந்து தொடங்குங்கள்: நீலகிரி அரசு அலுவலகங்களுக்கான தரவுப் பாதுகாப்பு ஆயத்த வழிகாட்டி

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பர் நடுவில் அரசிதழில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் என்பதால், 2027 மே நடுப்பகுதியில் அவை அமலுக்கு வருகின்றன. 2027–28 நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று பிறக்கிறது. அந்த ஆண்டு ஒதுக்கீட்டை நம்பியிருந்தால் கையில் இருப்பது ஆறு வாரம்தான். ஒதுக்கீட்டு ஆணை மாவட்டத்துக்கு வந்து, டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி ஒப்பந்தப்புள்ளி கோரி, கணினி இறங்கி, ஆளுக்குப் பயிற்சி கொடுத்து முடிக்க ஆறு வாரம் போதாது. ஆகவே இதற்கான பணம் 2026–27 கணக்கிலேயே இருக்க வேண்டும். வரவு-செலவு மதிப்பீட்டில் விட்டுப்போயிருந்தால் திருத்திய மதிப்பீட்டில் கேளுங்கள். அதற்கும் தாமதமாகிவிட்டால் பணம் கேட்காத வேலைகளை முதலில் முடியுங்கள். நல்லவேளையாக, முக்கால்வாசி வேலை அந்த வகைதான்.

அரசு அலுவலகத்துக்கு அபராதம் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டத்தில் ‘நபர்’ என்ற வரையறைக்குள் அரசும் அடங்கும். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரையும், தரவுக் கசிவைத் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி வரையும் அபராதம் விதிக்கலாம். வசூலாகும் தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். மாநிலத்தின் பணம் மத்தியக் கணக்கில் சேரும் என்ற இந்த ஒரு வரியை நிதித் துறைக்கான கோரிக்கைக் கடிதத்தில் எழுதுங்கள். மற்ற பத்திகளைவிட அது கூர்ந்து படிக்கப்படும்.

இப்போதே அமலில் இருப்பது

எல்லாம் 2027-க்கு என்று நினைக்க வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, மேலே சொன்ன விதிகள் வெளியானபோதே மாறிவிட்டது. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்கு அது சுருங்கியிருக்கிறது. ஆனால் 8(2) அப்படியே இருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் தகவலைக் கொடுக்கலாம். பொதுத் தகவல் அலுவலர்கள் செய்யக்கூடிய பெரிய பிழை, இனி எந்தப் பட்டியலும் கிடையாது என்று முடிவு கட்டுவது. சமூகத் தணிக்கைக்கும் கிராமசபைக்கும் உரிய பயனாளிகள் பட்டியலை மறைப்பதற்கு இந்தச் சட்டம் சாக்கு ஆகாது. பெயர், திட்டம், தொகை ஆகியவை இருக்கட்டும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கைப்பேசி எண்ணும் அறிவிப்புப் பலகைக்குப் போக வேண்டாம். மறுப்பதானாலும் கொடுப்பதானாலும் 8(2)-ஐப் பரிசீலித்த விவரத்தைக் கோப்பில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

படி 1: ஆளைக் குறியுங்கள்

தரவுப் பாதுகாப்பு அலுவலர் என்ற தனிப் பதவி, தரவைக் கையாளும் பொறுப்பாளர்களில் மத்திய அரசு ‘குறிப்பிடத்தக்கவர்’ என்று அறிவிப்பவர்களுக்கு மட்டுமே கட்டாயம். புதுப் பணியிடம் ஒப்பளிக்கப்படும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். சட்டம் எல்லோரிடமும் கேட்பது, பொதுமக்களின் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒருவரின் தொடர்பு விவரத்தை வெளிப்படையாக வைக்க வேண்டும் என்பதைத்தான்.

மாவட்ட அளவில் ஆட்சியரின் நேர்முக உதவியாளர் நிலையில் ஒருவர், தொழில்நுட்பத்துக்கு என்.ஐ.சி. (தேசியத் தகவலியல் மையம்) மாவட்ட மையத்தோடு பேசக்கூடிய ஒருவர், உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆகிய ஆறு வட்டங்களுக்கும் ஒரு துணை வட்டாட்சியர் வீதம் ஆறு பேர் இருந்தால் போதும். நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியங்களில் தனித்தனியே ஒருவர். ஆணையில் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள். இடமாறுதல் வந்ததும் ஆளோடு பொறுப்பும் மலையிறங்கிவிடக் கூடாது. மின்னஞ்சலும் அப்படித்தான்: பதவிக்கு உரிய அரசு முகவரி வேண்டும், யாருடைய சொந்த ஜிமெயிலும் கூடாது.

பயிற்சியை உதகையில் மட்டும் வைத்தால் பந்தலூர்காரர்களுக்கு வந்து போவதிலேயே ஒரு நாள் கழியும். கடைசியில் கையெழுத்துப் போட ஒருவரை அனுப்பிவிடுவார்கள். கூடலூரில் ஒன்று, குன்னூரில் ஒன்று, உதகையில் ஒன்று என்று மூன்று இடங்களில் தலா ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர்–கோத்தகிரிப் பக்கமும் மழைக்காலம். பயிற்சி தேதியை அதற்கேற்ப வையுங்கள்.

படி 2: பதிவேடு ஒன்று போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எந்த அலுவலகத்தில் யாருடைய என்ன விவரம் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் மென்பொருள் வாங்குவது, வீட்டுக்கு எத்தனை கதவு என்று தெரியாமல் பூட்டு வாங்குவதுதான்.

ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இரண்டு பேர், பத்து வேலை நாள் ஒதுக்குங்கள். ஒருவர் இளநிலை உதவியாளராக இருக்கட்டும், ஏனென்றால் எந்த எக்செல் எந்தக் கணினியில் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். மேசை மேசையாகப் போங்கள். துறைத் தலைவரிடமிருந்து வந்த மென்பொருள்களின் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள்; அது பாதிகூட இருக்காது. மிச்சம் வாட்ஸ்அப் குழுக்களிலும் பென் டிரைவிலும் ‘புதிய கோப்புறை 3’ என்ற பெயரிலும் இருக்கும்.

ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு வரி. அதில் இருக்க வேண்டியவை: தொகுப்பின் பெயர், யாரைப் பற்றியது, என்னென்ன விவரம், எதற்காக வாங்கினோம், எந்தச் சட்டம் அல்லது ஆணையின்படி, எங்கே இருக்கிறது, யார் யார் திறக்க முடியும், வெளியே யாருக்குப் போகிறது, எவ்வளவு காலம் வைப்போம், மறுபிரதி எங்கே, பொறுப்புப் பதவி எது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரம் இருந்தால் தனிக் குறி. உடல்நலம், சாதிச் சான்று, வங்கி விவரம் இருந்தால் இன்னொரு குறி.

காகிதத்தில் மட்டும் இருப்பது இந்தச் சட்டத்துக்குள் வராது. ஸ்கேன் செய்த நிமிடம் வந்துவிடும். வன உரிமைச் சட்டக் கோரிக்கை மனுக்களைக் கணினியேற்றம் செய்யும் அலுவலகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் இருந்தவரை சும்மா இருந்த காகிதம், ஒரு மாதத்தில் பத்துப் பேர் கையில் பி.டி.எஃப். ஆகிவிடும்.

படி 3: எந்தப் பிரிவின் கீழ் வாங்குகிறோம்?

எல்லாவற்றுக்கும் சம்மதக் கையெழுத்து வாங்கத் தொடங்குவது வீண் வேலை. மானியம், பயன், சேவை, சான்றிதழ், உரிமம், அனுமதி ஆகியவற்றுக்குத் தேவையான விவரத்தைக் கையாள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7(பி) பிரிவு அரசுக்கு இடம் தருகிறது. ஆனால் அது வெறும் வாசல் அல்ல, நிபந்தனையும் உண்டு. விதிகளின் இரண்டாம் அட்டவணை சொல்வது: தேவையானதை மட்டும் வாங்கு, சரியாக வை, தேவையான காலம் மட்டும் வை, பாதுகாப்பாக வை, யாரிடம் கேட்கலாம் என்று சொல், பொறுப்பேற்றுக்கொள்.

இ-பாஸை எடுத்துக்கொள்வோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்தே வருகின்றன. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றக் கையாளுவதற்கு 7(இ) பிரிவே போதும் என்று வாதிடலாம். அனுமதி என்ற வகையில் 7(பி) என்றும் சொல்லலாம். எங்கள் யோசனை: கோப்பில் இரண்டையும் எழுதுங்கள், இரண்டாம் அட்டவணையைக் கடைப்பிடியுங்கள். கடுமையான வழியில் போனவருக்குப் பின்னால் சிக்கல் இல்லை.

இதன் நோக்கம் வாகனங்களை எண்ணுவதும் வரம்பு வைப்பதும். அதற்கு வாகன எண், வகை, வரும் நாள், போகும் நாள், ஆள் எண்ணிக்கை, தொடர்புக்கு ஒரு கைப்பேசி எண் போதும். கல்லாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி போன்ற சோதனைச் சாவடிகளில் பணியாளர் க்யூ.ஆர். குறியீட்டைச் சரிபார்த்து அனுப்பினால் வேலை முடிந்தது. வரிசை நீளும்போது, அப்புறம் சரிபார்க்கலாம் என்று ஆர்.சி. புத்தகத்தையும் ஓட்டுநர் உரிமத்தையும் சொந்தக் கைப்பேசியில் படம் எடுத்தால் அங்கேதான் மீறல் பிறக்கிறது. அந்தப் படம் பணியாளரின் கூகுள் கணக்குக்குப் போகும், வீட்டுப் பிள்ளைகள் கைக்கும் போகும். சாவடிக்கு இரண்டு அலுவலகக் கைப்பேசி வாங்கிக் கொடுப்பது, அதைத் தடுக்கும் மிக மலிவான வழி. சிக்னல் இல்லாத நேரத்துக்கு ஒரு காகிதப் பதிவேடு: வாகன எண், நேரம், அவ்வளவே.

மலையின் தாங்குதிறன் ஆய்வுக்குத் தரவு கேட்டு வருவோருக்குப் பெயரும் எண்ணும் தேவையில்லை. நாள், வாகன வகை, நுழைந்த சாவடி என்று தொகுத்துக் கொடுங்கள்.

படி 4: எந்த மொழியில் சொல்வது?

சம்மதம் வாங்கும் இடங்களில் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்க வசதி தர வேண்டும். தமிழ் இருக்கிறது. கூடலூர், பந்தலூருக்கு மலையாளமும் கன்னடமும் சேருங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு வடமாநிலங்களிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இந்தியும் வேண்டும். படுகு, தோடா, கோத்தர், இருளர், பணியர், குறும்பர் மொழிகள் அட்டவணையில் இல்லை. ஆகவே தமிழ்த் தாளை நீட்டிவிட்டால் சட்டக் கடமை முடிந்ததாகக் காட்டலாம். எதிரே நிற்கும் பணியர் மூதாட்டிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அவர் மொழி தெரிந்தவரைக் கொண்டு நான்கு வரியில் வாயால் சொல்லச் செய்து, யார் சொன்னார், என்று சொன்னார் என்பதை விண்ணப்பத்தில் குறியுங்கள். நான்கு வரி இவை: இந்த விவரத்தை எதற்கு வாங்குகிறோம், யார் பார்ப்பார்கள், தப்பாக இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும்.

படி 5: சிறு சமூகங்களின் விவரம்

சமவெளி மாவட்டங்களுக்கு எழுதிய கையேடுகள் தடுமாறுவது இங்கேதான். தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிகளும் நீலகிரியில் வாழ்கிறார்கள். தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான். ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், சில குடும்பங்களே இருக்கும். பெயரை அழித்துவிட்டு ‘தோடர், பெண், 34 வயது, இன்ன மந்து’ என்று வைத்தால், அது யார் என்று பக்கத்து மந்தில் கேட்டாலே தெரிந்துவிடும்.

இந்திய மக்களிடம் அரிவாள் செல் மரபணு (பரம்பரை ரத்தநோய் ஒன்றுக்குக் காரணமானது) இருப்பது 1952-ல் முதன்முதலாகப் பதிவானதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். 2023-ல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தின் கீழ் பரிசோதனைகள் நடக்கின்றன. அந்த முடிவு வெளியே கசிந்தால் பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் தட்டிப்போகும். அந்தத் தகவல் திரும்பி உள்ளே போகாது, அபராதம் கட்டியும் அழியாது.

செய்ய வேண்டியது: முடிவுப் பட்டியலும் பெயர்ப் பட்டியலும் தனித்தனிக் கோப்பு, இடையே ஒரு குறியீட்டு எண். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அனுமதி மருத்துவ அலுவலருக்கும் ஆலோசகருக்கும் மட்டும். வெளி அறிக்கைகளில் பத்துக்குக் குறைவான எண்ணிக்கை வரும் கட்டத்தை நிரப்பாமல், மேலே ஊராட்சி அளவிலோ வட்ட அளவிலோ கூட்டிக் காட்டுங்கள். மொத்தத்திலிருந்து கழித்தால் விட்டுப்போன எண் கிடைத்துவிடுகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும், அப்போது இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும். முகாமில் எடுக்கும் குழுப் படத்தில் ‘பாதிப்புள்ளவர்கள்’ என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் ஏற்றுவது அறவே கூடாது.

படி 6: கவுண்டரும் கடவுச்சொல்லும்

வி.ஏ.ஓ.வின் கடவுச்சொல் கிராம உதவியாளருக்குத் தெரியும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கணினி இயக்குபவரின் மேசை இழுப்பறையில் இருக்கும். சோம்பலால் அல்ல, ஒருவர் மூன்று கிராமம் பார்ப்பதால். ஆகவே சுற்றறிக்கை விட்டு இது மாறாது. உதவியாளருக்கும் தனி நுழைவுக் கணக்கு கொடுத்து, பதிவேற்றும் உரிமை மட்டும் அவருக்கு, ஒப்புதல் உரிமை வி.ஏ.ஓ.வுக்கு என்று பிரிக்கும்படி மென்பொருள் வைத்திருக்கும் துறைக்கு எழுதுங்கள். ஒரே கணக்கில் மூன்று பேர் நுழைந்தால், கசிவு நடந்த அன்று பதிவைப் பார்த்தும் யார் என்று சொல்ல முடியாது.

நுழைவுப் பதிவுகளை ஓராண்டு வைக்க வேண்டும் என்கின்றன புதிய விதிகள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசர அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் விட்ட உத்தரவு 180 நாள் என்கிறது. நீளமானதைப் பின்பற்றினால் இரண்டும் நிறைவேறும். கணினிக் கடிகாரங்கள் என்.ஐ.சி. நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

படி 7: கணினி, மின்சாரம், ஈரம்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 ஏற, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்க வேண்டும். பழைய கணினிகளில் பல இதற்குத் தகுதிபெறாது. அவற்றைக் கணக்கெடுத்து, புதிது வாங்குவதா லினக்ஸுக்கு மாற்றுவதா என்று முடிவெடுங்கள். வாங்கும்போது புரோ பதிப்பு என்று விவரக்குறிப்பில் எழுதுங்கள், ஹோம் பதிப்பில் வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் முழுமையாக வராது. வட்டு மறையாக்கத்தின் மீட்புச் சாவியை உறையில் போட்டு ஒட்டிக் கருவூலப் பெட்டகத்திலோ அலுவலக இரும்புப் பெட்டியிலோ வையுங்கள். மடிக்கணினியின் அடியில் ஒட்டி வைப்பவர்களும் உண்டு.

சட்டப்படி ‘கசிவு’ என்பதில் தரவு அழிந்துபோவதும் கைக்கு எட்டாமல் போவதும் அடங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படியொரு மழையில் அலுவலகத்துக்குள் தண்ணீர் புகுந்து, மறுபிரதி இல்லாத கணினி போனால் அதுவும் தெரிவிக்க வேண்டிய நிகழ்வுதான். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று மலைக்கு வெளியே. சென்னை மாநிலத் தரவு மையம் இதற்குப் பொருத்தம். உதகையின் பிரதியைக் குன்னூரில் வைப்பது பயன்படாது, ஒரே மழை இரண்டையும் தொடும். வெளி வன்தட்டை சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். யு.பி.எஸ். பேட்டரியின் கொள்ளளவு குளிரில் குறையும், அதனால் கணக்குக்கு மேல் கால்பங்கு கூட்டி வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபிரதியிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத மறுபிரதியை இருப்பதாகக் கணக்கில் காட்ட வேண்டாம்.

படி 8: ஒப்பந்தங்கள்

இ-சேவை மையம் நடத்துபவர், ஆள் வழங்கும் நிறுவனம், செயலி செய்து கொடுத்தவர் ஆகியோர் உங்கள் சார்பில் தரவைக் கையாளுபவர்கள். அவர்கள் தவறினாலும் சட்டத்தின் முன் நிற்பது உங்கள் அலுவலகம். ஒப்பந்தத்தில் நான்கு பத்தி சேருங்கள்: நாம் சொன்ன வேலைக்கு மட்டும் தரவு, கசிவு தெரிந்த இரண்டு மணி நேரத்தில் நமக்குத் தகவல், வேலை முடிந்ததும் அழித்ததற்குச் சான்று, நாம் நேரில் வந்து சோதிக்கும் உரிமை. ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்துக்குத் துணை ஒப்பந்தம் போதும்.

படி 9: கசிவு நடந்த அன்று

மூன்று கடிகாரங்கள் ஓடும். செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தாமதமின்றி முதல் தகவல், பின் 72 மணி நேரத்துக்குள் முழு விவரம். பாதிக்கப்பட்ட மக்களுக்கும் தாமதமின்றி. மேலதிகாரியின் ஒப்புதலுக்குக் கோப்பு ஓட்டினால் முதல் கடிகாரத்தின் கெடு தாண்டிவிடும். ஆகவே முதல் தகவல் அனுப்பும் அதிகாரத்தை மாவட்டப் பொறுப்பு அலுவலருக்கு முன்கூட்டியே ஆணையாகக் கொடுத்துவிடுங்கள்.

முதல் தகவலில் காரணம் தெரிய வேண்டியதில்லை. என்ன நடந்தது, எப்போது, எங்கே, ஏறத்தாழ எத்தனை பேர், என்ன பாதிப்பு வரலாம், இவை போதும். கணினியை அணைத்து ‘பார்மட்’ அடித்துவிடாதீர்கள், அது தடயத்தை அழிக்கும். வலைத்தொடர்பை மட்டும் பிடுங்குங்கள். மக்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் இணைப்பு வைக்காதீர்கள், அடுத்த நாளே அதைப் போலவே இன்னொன்று மோசடிக்காரரிடமிருந்து போகும். கைப்பேசி இல்லாத வீடுகளுக்கு ரேஷன் கடையும் வி.ஏ.ஓ.வும் வழியாகச் சொல்லுங்கள். ‘உங்கள் கணக்கு எண் வெளியே போயிருக்கலாம், ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள், பணம் போனால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்’ என்று தெளிவாக இருக்கட்டும்.

ஒத்திகை ஆண்டுக்கு இரண்டு. ஒன்றை மின்சாரமும் இணையமும் இல்லாத மழை நாளில், கைப்பேசியில் ஒற்றைக் கோடு சிக்னலை வைத்துக்கொண்டு நடத்துங்கள். தொடர்பு எண்கள் கணினிக்குள் மட்டும் இருந்தால் அன்று தெரிந்துவிடும். சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள்.

படி 10: அழித்தல்

கேட்டவுடன் அழிக்க வேண்டும் என்ற கடமையிலிருந்து 17(4) பிரிவு அரசுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் இரண்டாம் அட்டவணையின் ‘தேவையான காலம் மட்டும்’ என்ற நிபந்தனை மாறவில்லை. ஆகவே பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் காலம் எழுதி, காலம் முடிந்தவற்றை ஏப்ரல், அக்டோபர் என ஆண்டுக்கு இரண்டு முறை அழியுங்கள்.

பழைய கணினிகளைக் கழித்து ஏலம் விடும்போது வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை விடுங்கள். ஏல விலை சில நூறு ரூபாய் குறையும், குறையட்டும். வாடகைக்கு எடுத்த பெரிய நகல் இயந்திரங்களுக்குள்ளும் பெரும்பாலும் வன்தட்டு உண்டு. திருப்பிக் கொடுக்குமுன் அழித்துத் தரச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். பாழான நகல்களைக் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் கிழிப்பான் ஒன்று வாங்கிவிடுங்கள். காகிதம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்பது உண்மைதான். ஆனாலும் மார்க்கெட் ரோட்டில் மிளகாய் பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் வருமானச் சான்று விண்ணப்பமும் ஆதார் நகலும் இருந்தால், அது எந்தச் சட்டத்தில் வராது என்று அந்த விண்ணப்பதாரரிடம் யாரும் விளக்க முடியாது.